தேயாத ஜோடி

ஒரு நூற்பாலையில் ஒரு தரை இருந்தது. சிமென்டும் கல்தூளும் கலந்து போட்டு, மெஷின் வைத்து இழைத்து, முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பாக்கிய தரை. அதன்மேல் நூற்பு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. இயந்திரங்களுக்கு நடுவே பெண்கள் காலையிலிருந்து மாலை வரை நடந்தார்கள். இழை அறுந்தால் நின்று ஒட்டுவார்கள். மறுபடி நடப்பார்கள். உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்தால் இழை அறுவது கண்ணில் படாது என்று சொல்லியிருந்தார்கள்.

தரைக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

"நான் யாரையும் அடித்ததில்லை, தள்ளிவிட்டதில்லை" என்று அது அடிக்கடி சொல்லும். "போட்ட நாளிலிருந்து போட்ட இடத்திலேயே கிடக்கிறேன். அவர்களாக வந்து என்மேல் நடக்கிறார்கள். பிறகு கால் வலிக்கிறது என்கிறார்கள்."

இதற்குப் பதில் சொல்லக்கூடியவை பெண்களின் ரப்பர் செருப்புகள்தான். அவை அப்பளம் போல் தேய்ந்திருந்தன. பேசத் தெம்பில்லை.

அந்தப் பெண்களில் குருவம்மாள் என்பவளுக்குக் குதிகால் வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது ஆணியின் மேல் வைத்தது போல் இருக்கும். மத்தியானத்துக்குமேல், இயந்திரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார்.

"நடக்க முடியலைன்னா சொல்லிருங்கம்மா. வேற ஆள் போட்டுக்கிறோம்" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில், நூல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பெண்களின் கால்களைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர்கள் போன மறுவாரம், மேனேஜர் மாதிரிக்கென்று இரண்டு ஜோடி ஷூக்களை வரவழைத்தார்.

ஒன்று கறுப்பு. முன்பக்கம் ஒடுங்கி, மினுமினுவென்று, ஜன்னல் வெளிச்சம் அதில் தெரிந்தது. இன்னொன்று தவிட்டு நிறம். அகலமான மூக்கு, தடித்த அடிப்பாகம், அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும் மெத்தை. இரண்டையும் மேனேஜரின் அறையில் அலமாரிமேல் வைத்தார்கள். மேனேஜர் சாப்பிடப் போனதும், அவருடைய சுழல் நாற்காலி அவற்றை விசாரித்தது.

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?"

"நடக்க" என்றது தவிடு.

"பார்வைக்கு" என்றது கறுப்பு.

நாற்காலிக்குக் கறுப்பைப் பிடித்துப் போயிற்று. "நாளெல்லாம் நிற்பது உடம்புக்கு நல்லது" என்றது. "நானும் நாளெல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். என் காலில் சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்."

மேனேஜர் நேர்மையானவர். எந்தக் கம்பெனிக்காரர் அனுப்பிய இனிப்புப் பெட்டியையும் அவர் திறக்கவில்லை. ஒரே அளவு கால் உள்ள இரண்டு பெண்களைக் கூப்பிட்டார். ஒருத்தி குருவம்மாள். மற்றவள் ஈஸ்வரி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. தீபாவளி வரைக்கும் போட்டு நடங்க. எது நல்லாத் தாங்குதோ, அதையே எல்லாருக்கும் வாங்கிருவோம். அளந்து பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்."

ஈஸ்வரியின் கை தானாகவே கறுப்புக்குப் போயிற்று. மிச்சமிருந்ததைக் குருவம்மாள் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஈஸ்வரி சிரித்தாள். "யக்கா, அது ஷூவா, ரெண்டு தவிட்டு மூட்டையா?"

"மூட்டையா இருந்தா என்னடி. தலையிலயா வைக்கப்போறேன்?"

அன்று மாலை குருவம்மாள் சுவரைப் பிடிக்கவில்லை. அவளே அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான், இவ்வளவு நேரம் கால் ஞாபகமே வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்வரியின் கதை வேறு. மூன்றாம் நாளே சுண்டுவிரலில் கொப்புளம். நான்காம் நாள் பின்னங்காலில் தோல் உரிந்தது. ஐந்தாம் நாள் கறுப்பைக் கழற்றி, கழிவுப் பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்தாள்; பழைய ரப்பர் செருப்பை ஷூ வந்த அன்றே தூக்கிப் போட்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்தால் ஓடிப்போய் மாட்டிக்கொள்வாள். ஹாலுக்குள் வெறுங்காலோடு நின்றால் மெமோ. இரண்டு மெமோ வாங்கினால் வேலை இல்லை.

"எப்படிடி இருக்கு ஒன் ஷூ?" என்று சாப்பாட்டு நேரத்தில் குருவம்மாள் கேட்டாள்.

"பெரிய எடத்து மாப்பிள்ளை மாதிரிக்கா. நாலு பேர் பாக்கிறப்ப நல்லாருக்கு. கூடக் குடும்பம் நடத்த முடியல."

கறுப்பு பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் சொகுசாக இருந்தது. மேலே பறந்து விழும் பஞ்சை ஈஸ்வரியே மாலையில் துடைத்துவிடுவாள்.

"நீ நடக்கப் போகவில்லையா?" என்று பெட்டி கேட்டது.

"எனக்கேற்ற கால் இன்னும் கிடைக்கவில்லை" என்றது கறுப்பு.

தவிட்டுக்கு அப்படிப் பேச நேரமில்லை. ஒவ்வோர் அடிக்கும் அது நசுங்கியது, நிமிர்ந்தது, மறுபடி நசுங்கியது. தரைக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

"உனக்கு முதுகெலும்பே கிடையாதா? என்னைப் பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் வளைந்ததில்லை."

"தெரியும்" என்றது தவிடு. "குருவம்மாளும் முடிந்தவரை வளையாமல் இருந்து பார்த்தாள். அதில்தான் குதிகால் போயிற்று. நம் மூன்று பேரில் ஒருவராவது வளைய வேண்டாமா?"

"பேச்செல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு நாளைக்கு?"

தவிட்டின் மூக்கில் மடிப்பு விழ ஆரம்பித்திருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் மேனேஜர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையின் மேல் ஷூ வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பேப்பர் விரித்து, அதன்மேல் வைக்கச் சொன்னார்.

கறுப்பு ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. தவிடு முகம் சுருங்கி, ஓரத்தில் ஒரு தையல் விட்டு, குதிகால் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அடியிலிருந்த வரிப்பள்ளங்கள் பாதி அழிந்திருந்தன.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"நான் பொய் சொல்வதே கிடையாது" என்றது ஸ்கேல். உண்மைதான். அது ஒவ்வொரு ஷூவின் அடியையும் பொறுமையாக அளந்தது. "கறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. தவிடு கால் பங்கு போய்விட்டது."

"ஒரே தரை, ஒரே நேரம், ஒரே வேலை" என்றது நாற்காலி. "ஒன்று தாங்கியிருக்கிறது, ஒன்று தாங்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

"அந்தக் கால் பங்கு எங்கே போயிற்று என்று கேட்க மாட்டீர்களா?" என்றது தவிடு. "நான் தேயாமல் இருந்திருந்தால், நடுவில் வேறு ஏதாவது தேய்ந்திருக்கும்."

"அது என் வேலை இல்லை. எவ்வளவு மிச்சம் என்று மட்டும்தான் நான் சொல்வேன்" என்றது ஸ்கேல்.

கறுப்பு அடக்கமாகப் பேசியது. "மற்றவர்களைக் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. என் அனுபவத்தில் அந்தத் தரை ஒன்றும் அவ்வளவு கடினமில்லை."

இந்தப் பேச்செல்லாம் மேனேஜர் காதில் விழுமா என்ன. அவர் ஈஸ்வரியைப் பார்த்து, "எப்படிம்மா இருந்தது? நடக்க ஏதாவது சிரமம்?" என்று கேட்டார்.

ஈஸ்வரி குனிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் வெறுங்காலோடு நடந்ததைச் சொல்ல வேண்டும். "ஷூவால ஒரு சிரமமும் இல்ல சார்" என்றாள். அதுவும் பொய்யில்லை.

"நீங்க?"

"சார், இதான் சார் நல்லாருக்கு" என்றாள் குருவம்மாள். "கால் வலியே இல்ல. மெத்து மெத்துன்னு இருக்கு."

"மெத்துன்னு இருந்து என்னம்மா பண்ண? தேஞ்சு போச்சே. இந்தக் கறுப்பைப் பாருங்க. அதே அளவு நடந்துருக்கு. கடையிலேருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி இருக்கு."

குருவம்மாள் ஈஸ்வரியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்; தவிடு பிழைத்துவிடும், தன் காலும் பிழைத்துவிடும். ஈஸ்வரியின் பின்னங்காலில் உரிந்த தோலின் வடு கறுத்துத் தெரிந்தது. குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

"இந்தப் பழசு குப்பைக்குத்தான சார் போகுது? நான் எடுத்துக்கிடவா?"

"தாராளமா. ஆனா ஹாலுக்குள்ள போடக் கூடாது. தேஞ்ச ஷூ பாதுகாப்பு இல்ல."

வெளியே வந்ததும் ஈஸ்வரி அழுதாள். "நான் சொல்லியிருக்கணும்க்கா."

"சொன்னா நீ வீட்டுல இருப்ப. மூக்கைத் தொடச்சிக்க. மாப்பிள்ளை இனி எல்லாரு வீட்டுக்கும் வரப்போறாரு."

அப்படியே எல்லாப் பெண்களுக்கும் கறுப்பு ஷூ வந்தது. வந்த வாரத்திலேயே எல்லாப் பெண்களும் ஈஸ்வரி கண்டுபிடித்த வழிக்கு வந்தார்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்குப் பின்னாலும் ஒரு ஜோடி நின்றது. கதவுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவள் "பஞ்சு வருது" என்று குரல் கொடுத்தால், மேனேஜரோ சூப்பர்வைசரோ வருகிறார் என்று அர்த்தம். எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். அவர் போனதும் கழற்றிவிடுவார்கள். அவர் கண்ணுக்கு, போகும் இடமெல்லாம் மின்னும் கறுப்பு ஷூக்கள்தான் தெரிந்தன.

குருவம்மாள் மட்டும் தவிட்டைப் போட்டுக்கொண்டு நடந்தாள். குரல் வந்தால் கறுப்பு; வந்தவர் போனால் தவிடு. விட்ட தையலை அவளே கோணி ஊசியால் தைத்தாள். பொங்கல் வந்தது, பங்குனி வந்தது. தவிட்டின் அடியில் ஓட்டை விழுந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாள். சித்திரையில் அடிப்பாகம் முழுதாகக் கழன்று அவள் கையில் வந்தது.

"என்னால் ஆனது இவ்வளவுதான்" என்றது தவிடு. "உன் கால் நல்ல கால். ஒரு தடவைகூட என்னை உதைத்துக் கழற்றவில்லை."

குருவம்மாளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் உடனே தூக்கிப் போடாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

மறுநாள் ஈஸ்வரி யாரிடமும் சொல்லாமல் மேனேஜரின் அறைக்குப் போனாள். "சார், இந்த ஷூ கடிக்குது சார். யாராலயும் போட முடியல" என்றாள்.

மேனேஜர் கோபப்படவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவளை அழைத்துக்கொண்டு ஹாலுக்கே வந்தார். குரல் முந்திவிட்டது. வரிசை முழுவதும் மின்னியது.

"கடிக்கிற ஷூன்னா போட்டுப் போட்டு நெளிஞ்சிருக்கும், கோணியிருக்கும். நீயே பாரு, ஒண்ணுல ஒரு மடிப்பு இருக்கா? இத்தனை பேருக்கும் சரியா இருக்கிறது உனக்கு மட்டும் கடிக்குதுன்னா, ஒரு டாக்டரைப் பாரும்மா."

கறுப்புகள் எல்லாம் ஒரே குரலில் ஆமோதித்தன.

வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வந்து பார்த்து, மிகவும் திருப்தியோடு போனார்கள். அந்த மகிழ்ச்சியில் மேனேஜர் ஒரு சிறிய விழா வைத்தார். ஷூவை மிக நன்றாகப் பராமரித்த தொழிலாளிக்குப் பரிசு. இரும்பு ஸ்கேல் வரிசையாக எல்லா ஷூக்களையும் அளந்து வந்தது. ஒரு ஜோடி மட்டும், வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மற்றவற்றில் மாட்டிக் கழற்றிய கீறலாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. பொறுமையாகத் தரையில் உட்கார்ந்து மாட்டி, பொறுமையாகக் கழற்றியவளுடைய ஜோடி.

"குருவம்மாள்" என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலியும் ஒரு சுற்றுச் சுற்றியது.

பரிசு, இன்னொரு ஜோடி கறுப்பு ஷூ.

மறுநாள் மத்தியானம் குருவம்மாள் வெறுங்காலோடு இயந்திரத்தின் முனைவரை போனாள். "பஞ்சு வருது" என்று குரல் கேட்டது. கறுப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்தாள்.

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்றது தரை.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். சுவரிலிருந்த கையைப் பார்த்தார். பிறகு, மின்னிக்கொண்டிருந்த ஷூக்களைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல ஷூ போட்டும் முடியலைன்னா, வேலைதான் ஒத்துக்கலபோல. சொல்லிருங்கம்மா, வேற ஆள் போட்டுக்கிறோம்" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார்.