நிழல் அளந்து எடுத்த அணி

மலைக்குக் கிழக்கே ஒரு காடு. மேற்கே ஒரு காடு. இரண்டுக்கும் நடுவே, மேட்டில் ஒரு குளம்.

மேற்குக் காட்டில் ஆனி பிறந்தால் மழை கொட்டித் தீர்க்கும். குளத்து நீர் அவர்களுக்குக் குளித்து விளையாடத்தான். கிழக்குக் காட்டுக்கு ஐப்பசியில்தான் மழை. அதுவரை ஆறு வெறும் மணல். அவர்களுக்கு அந்தக் குளம் உயிர்.

யாருக்குக் குளம் என்று ஒவ்வோர் ஆவணியிலும் ஓர் ஆட்டம் வைப்பார்கள். ஜெயித்த காடு ஐப்பசி வரை குளத்தில் குடிக்கலாம். தோற்ற காடு மணலைத் தோண்டிக்கொள்ளலாம். பெரியவர்கள் ஆடினால் கொம்பும் பல்லும் வேலை செய்யும் என்பதால் குட்டிகள்தான் ஆடும்.

ஆட்டம் ரொம்பச் சுலபம். ஒருவர் விளாங்காயை எறிவார். எதிரணிக்காரர் தடியால் அடிப்பார். அடித்த காய் திரும்பி வருவதற்குள் வலது பக்கம் ஓடி, நாலு மரத்தையும் சுற்றி வந்தால் ஒரு சுற்று. அடிக்கத் தவறினாலும், பறக்கும் காயை எதிரணி பிடித்துவிட்டாலும் அவர் காலி. சமமானால் குளம் ஆட்டம் நடக்கிற காட்டுக்கு. வயதுக்கும் ஒரு விதி உண்டு. பிறந்து இரண்டு மழைக்கு மேல் பார்த்தவர் ஆடக்கூடாது.

கிழக்குக் காட்டு அணியைத் தேர்ந்தெடுப்பது மாசிலான் என்ற நரி. அவனை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்காதீர்கள். எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் பாறைமேல் ஏறி நின்றுவிட்டான். அவ்வளவுதான்.

தேர்வு முறையையும் அவனே கண்டுபிடித்தான். ஒரு பாறையைக் காட்டி, "இது திறமைப் பாறை. குட்டி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நிழல் பாறையைத் தொட்டால் முதல் அணி. தொடாவிட்டால் இரண்டாம் அணி" என்றான்.

"காயை அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டாமா?" என்று ஒரு முயல் கேட்டது.

"திறமை இருப்பவன் அடிக்க மாட்டானா?" என்றான் மாசிலான். முயல் திரும்பிப் போயிற்று. அதற்குக் குட்டிகள் அதிகம், நேரம் குறைவு.

மாசிலானுக்கு ஒரு மகன், வல்லபன். அவனுக்கு மட்டும் சூரியன் எழுந்ததுமே தேர்வு நடந்தது. நிழல் பாறையைத் தாண்டி, புதரையும் தாண்டிப் போயிற்று. "பிறவித் திறமை" என்று தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மற்ற குட்டிகளை உச்சிவெயில் ஏறிய பிறகு வரச் சொன்னான்.

உச்சிவெயிலிலும் சிலருக்குத் தேறியது. மலையன் என்ற கரடிக்குட்டி ஒருவன். நல்ல உயரம். இன்னும் ஒரு பன்றிக்குட்டி, ஒரு மிளா மான் கன்று என்று முதல் அணி நிறைந்தது. எல்லாம் மார்கழியிலும் தையிலும் பிறந்தவை.

பொடிச்சி என்ற இன்னொரு கரடிக்குட்டியும் வந்து நின்றாள். நிழல் காலடியைவிட்டு நகரவில்லை.

"இரண்டாம் அணி" என்றான் மாசிலான்.

பொடிச்சியின் அம்மா தேனம்மைக்கு இது பிடிக்கவில்லை. அவள் மேற்குக் காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சும்மா போகிற ஆள் இல்லை.

"அண்ணே, மலையன் மார்கழியில் பிறந்தவன். என் பொண்ணு அதுக்கு அடுத்த ஆவணி. எட்டு மாசம் அவன் கூடுதலாத் தின்னுருக்கான். வளர்ந்திருக்க மாட்டானா?"

"தின்பதும் ஒரு திறமைதான் தேனம்மை."

"எட்டு மாசம் கழிச்சு இவளும் அவ்வளவு இருப்பா."

"அப்போ வரச் சொல்லு. எடுத்துக்கிறேன்."

"அப்போ வயசு தாண்டிப் போயிருமே அண்ணே."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? விதி விதிதான்."

தேனம்மை போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள். "இதுவரைக்கும் ஆட்டம் நம்ம காட்டிலேயே நடந்துச்சு. இந்த வருஷம்தான் மேற்கே கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு மழைன்னா எந்த மழைன்னு கேட்டீங்களா?"

மாசிலான் சிரித்தான். "மழையில் என்ன இந்த மழை, அந்த மழை? மேலேயிருந்து விழுவது. போய் வேலையைப் பாரும்மா."

அவள் போனாள். அவன் யாரையும் கேட்கவில்லை.

பயிற்சி ஆரம்பமானது. முதல் அணிக்குத் தடி, காய், நிழலில் ஓய்வு, தேனடை எல்லாம் உண்டு. இரண்டாம் அணிக்கும் பயிற்சி இல்லாமல் இல்லை. மைதானத்தின் கடைசியில் ஒரு முட்புதர். அதற்குள் நின்றுகொண்டு, முதல் அணி அடித்துத் தள்ளும் காய்களைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். கூடவே கைதட்டல் பயிற்சி.

"நாங்க எப்போ அடிக்கிறது மாமா?" என்று பொடிச்சி கேட்டாள்.

"திறமை வந்ததும்."

"எப்போ வரும்?"

"வந்தால் நிழலில் தெரியும்."

பொடிச்சி புதருக்குள் போய் நின்றாள். முள் குத்தாமல் காயைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். வேறு வழி இருந்தால்தானே.

ஆவணி வந்தது. கிழக்கே மணல் சுட்டது. மான்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. எல்லோருக்கும் குளத்து ஞாபகம்தான்.

மாசிலான் அணியோடு மலையேறினான். முதல் அணி மார்பில் கோவைப்பழச் சாறு பூசிக்கொண்டு முன்னால் நடந்தது. இரண்டாம் அணி பின்னால் தடிகளைச் சுமந்தது. கைதட்ட ஆள் வேண்டுமே. காட்டில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். தேனம்மையும் வந்தாள்.

மேற்குக் காட்டுக் குட்டிகளைப் பார்த்ததும் மாசிலானுக்குப் புல்லரித்தது. எல்லாம் பொடிசுகள்.

"இவங்களோடயா நம்ம பசங்க ஆடப் போறாங்க? பாவம்டா" என்றான்.

"மூணு அடியில் முடிச்சிருவோம்ப்பா" என்றான் வல்லபன்.

நடுவர் ஒரு கிழட்டு இருவாட்சிப் பறவை. பெரிய அலகு, சின்னப் பொறுமை. குட்டிகளை வரிசையாக நிற்க வைத்தது.

"நீ எப்போ பிறந்தாய்?"

"மார்கழி" என்றான் மலையன், நெஞ்சை நிமிர்த்தி.

"அதற்கு அப்புறம் எத்தனை ஆனி?"

மலையன் விரலை மடக்கினான். "மூணு."

"தள்ளி நில். அடுத்தது."

மாசிலான் ஓடி வந்தான். "ஐயா, அவன் பார்த்தது ரெண்டே ஐப்பசி!"

"ஐப்பசி உங்கள் ஊர் மழை. இங்கே மழை ஆனியில். ஆட்டம் நடக்கிற காட்டு மழைதான் கணக்கு. சொல்லி அனுப்பினோமே, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று."

"அது... கேட்கிற அளவுக்குச் சந்தேகம் வரலை."

"உங்களுக்கெல்லாம் வராது" என்றது இருவாட்சி. "அடுத்தது."

பன்றிக்குட்டி, தை மாதம், மூன்று ஆனி. மிளாக் கன்று, அதுவும் அப்படியே. வல்லபனிடம் வந்தபோது மாசிலான் குறுக்கே விழுந்தான். "இவன் கொஞ்சம் பின்னாடி பிறந்தவன். சுமார் ஆடியில்."

"போன வருஷம் முழுக்க இவன் மார்கழிப் பிள்ளை, மார்கழிப் பிள்ளைன்னு ஊரைக் கூட்டி விருந்து வச்சீங்களே அண்ணே" என்றாள் தேனம்மை. கூட்டம் சிரித்தது. வல்லபனும் தள்ளி நின்றான்.

முதல் அணி முழுக்க மரத்தடிக்குப் போயிற்று. மிச்சம் இருந்தது பின்னால் தடி சுமந்து வந்தவர்கள். எல்லாம் ஆடியிலும் ஆவணியிலும் பிறந்தவை. இருவாட்சி கேட்டது. ஆளுக்கு இரண்டே ஆனி. "இவர்கள் சரி. ஆடுங்கள்."

மாசிலான் பின்வரிசைக்கு ஓடினான். பொடிச்சியின் தோளில் கை போட்டான். நேற்றுவரை அந்தக் கைக்கு அவளைத் தெரியாது.

"கண்ணு, காடே உன்னை நம்பித்தான் இருக்கு."

"எனக்குத் திறமை வந்திருச்சா மாமா? நிழலைப் பாக்கலையே."

முதலில் மேற்குக் குட்டிகள் அடித்தன. காய் பறந்தது. பொடிச்சி பிடித்தாள். அடுத்தது பறந்தது. அவள் தோழி முயல்குட்டி பிடித்தாள். முள்ளில்லாத வெட்டவெளியில் காய் பிடிப்பது அவர்களுக்குச் சர்க்கரை மாதிரி இருந்தது. மேற்கே முக்கி முனகி ஒரே ஒரு சுற்றுத்தான் எடுத்தார்கள்.

கிழக்குக் கூட்டம் கத்தியது. ஒரு கிழமான் அழுதேவிட்டது. இரண்டு சுற்று எடுத்தால் குளம்.

"என் பயிற்சி" என்றான் மாசிலான், பக்கத்திலிருந்தவர்களிடம்.

பிறகு கிழக்கு அடிக்க வேண்டிய முறை. முயல்குட்டி தடியைத் தடித்த பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிப் பிடிடீ!" என்று மாசிலான் அலறினான்.

"எந்தப் பக்கம் மாமா? நாங்க சுமந்ததுதான், பிடிச்சதில்லையே."

அவள் காலி. அடுத்தவனும் காலி. ஒருவன் காயை அடிக்காமல் பிடித்துத் திருப்பி எறிந்தான். பழக்கம். அவனும் காலி. ஓர் அணில்குட்டி மட்டும் தடுக்கி விழுந்தபோது தடி தானாகப் பட்டது. காயை எதிரணி தேடுவதற்குள், பக்கத்திலிருந்தவர்கள் தள்ளிவிட்ட திசையில் உருண்டு புரண்டு ஒரு சுற்று வந்து சேர்ந்தது. ஒன்றுக்கு ஒன்று.

கடைசியாகப் பொடிச்சி. இன்னும் ஒரே ஒரு சுற்று. கூட்டத்தில் நாக்கு நனைந்தவர் ஒருவரும் இல்லை.

காய் வந்தது. பொடிச்சி தடியை வீசினாள். கரடி கரடிதான். காய் மரங்களுக்கு மேலே போய், குளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. எடுத்து வரவே பொழுதாகும். நடந்தே சுற்றி வரலாம்.

பொடிச்சி நடக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஓடினாள். இடது பக்கம்.

"வலது! வலது!" என்று கிழக்குக் காடு முழுக்கக் கத்தியது. அவளுக்கு ஆர்வத்தில் காது கேட்கவில்லை. நாலு மரத்தையும் தலைகீழாகச் சுற்றி வந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"செல்லாது" என்றது இருவாட்சி. "சமமானால் குளம் ஆட்டம் நடக்கிற காட்டுக்கு. ஆட்டம் முடிந்தது."

மாசிலான் பாய்ந்து வந்தான். "ஏ கழுதை, எந்தப் பக்கம் ஓடறதுன்னுகூடத் தெரியாதா உனக்கு?"

பொடிச்சியின் சிரிப்பு போய்விட்டது. "இந்தப் பக்கம்தானே மாமா எல்லாரும் ஓடுவாங்க. நான் தினமும் பாத்தேனே. புதருக்குள்ளேருந்து பாத்தா இடது பக்கமாத்தான் ஓடினாங்க."

அடிப்பவரின் வலது பக்கம், எதிரே புதருக்குள் நிற்பவளுக்கு இடது பக்கமாகத்தான் தெரியும் என்று ஒரு நரிக்கும் தோன்றியிருக்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருந்தால் போதும்.

குளத்தில் மேற்குக் குட்டிகள் தொபுக்கென்று குதித்தன. தண்ணீர் தெறித்தது. கிழக்குக் காடு அதைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போயிற்று.

கீழே போய்ச் சேர்ந்ததும் தேனம்மை ஆற்று மணலில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள். பொடிச்சியும் கூடத் தோண்டினாள். மறுநாள்தான் கலங்கலாக ஊறியது. எல்லோரும் வந்து நின்றார்கள். மாசிலான் வல்லபனை இழுத்துக்கொண்டு முன்னால் நுழைந்தான்.

"வழி விடுங்க. அடுத்த வருஷத்துக்கு அணி எடுக்கணும். யோசிச்சுட்டேன். இனிமே ஆவணியில் பிறந்தவங்களை மட்டும்தான் எடுப்பேன். மார்கழி வேண்டவே வேண்டாம்."

"அப்பா, நான் மார்கழி" என்றான் வல்லபன்.

தேனம்மை மண் அப்பிய கையோடு நிமிர்ந்தாள். "இங்கே கடைசியாப் பிறந்தவங்க முதல்ல குடிப்பாங்க அண்ணே. நீங்க அந்தப் பாறைகிட்டப் போய் நில்லுங்க. உங்க நிழல் இங்கே வந்து தொட்டதும் கூப்பிடறேன்."

அப்போது உச்சிவெயில்.

முந்திப் பிறந்ததையே திறமை என்று மெச்சி, பிந்திப் பிறந்தவர்களுக்கு ஒன்றும் கற்றுத்தராமல் ஓரத்தில் நிறுத்துகிறவன், அவர்கள் தேவைப்படும் நாளில் தானும் தோற்று ஊரையும் தாகத்தில் விடுவான்.