வாய்க்காலில் பூ அள்ளியவர்

"எட்டு மாசமா வாய்க்கால்ல பூ அள்ளிக்கிட்டே இருக்கேன். என்னை எப்ப முன்னால விடப் போறீங்கம்மா?"

கேட்டவர் பூதலிங்கம். வயது ஐம்பத்தொன்பது. அவர் கையில் இருந்த மூங்கில் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பதில் சொல்ல வேண்டியவர் குழல்வாய்மொழி என்ற குழலம்மா. நடைமடத்தின் குரு. பூதலிங்கத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர். அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வழி தெரியுமா அண்ணாச்சி?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? மனப்பாடம்!"

சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் பூசை கிடையாது. பிரசங்கம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு நடை உண்டு. சித்திரையில் காடு பூத்து நிற்கும்போது காலையில் ஏறி, ஓடைகளைத் தாண்டி, மேலே சுனையில் முகம் கழுவி, கட்டுச்சோறு தின்றுவிட்டுப் பொழுது சாயுமுன் இறங்கிவிடுவார்கள். ஏற்றம் பெரிதில்லை. மூச்சு வாங்கும், உயிரை வாங்காது. மற்ற நாளெல்லாம் சீடர்களுக்கு மடத்து வேலைதான்.

நடைக்கு ஒரே ஒரு சட்டம். முன்னால் ஒருவர் போவார். கடைசியில் குரு வருவார். முன்னால் போகிறவர் வாய்விட்டுக் கேட்டாலொழிய, பின்னால் வருகிற யாரும் வழி சொல்லக் கூடாது.

அந்த முன்னால் இடத்தின் மேல்தான் பூதலிங்கத்துக்குக் கண்.

அவர் முப்பத்திரண்டு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். அவர் முதுகை நம்பி ஐம்பது பேர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கி வந்த காலம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அவர் பின்னால் தெருநாய்கூட வரவில்லை. அது அவருக்கு வலித்தது. போன சித்திரையில் ஒரு நடைக்கு வந்தார். வரிசையில் முதலில் போனவரைப் பார்த்ததும் பழைய ஸ்டியரிங் ஞாபகம் வந்துவிட்டது. ஆவணியில் பெட்டியோடு மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

சேர்ந்த அன்றே கூடையைக் கொடுத்துவிட்டார்கள்.

மலைத் தண்ணீர் மடத்துக்குள் நுழைகிற வாய்க்காலில் ஒரு கம்பி வலை உண்டு. காட்டிலிருந்து மிதந்து வருகிற இலையும் பூவும் அதில் வந்து அடைக்கும். தினமும் காலையில் அள்ளாவிட்டால் தண்ணீர் கத்தரிப் பாத்திக்குள் புகுந்துவிடும். பங்குனி பிறந்ததிலிருந்து சிவப்பு நூல்நூலாக ஒரு பூ வேறு வந்து வலையில் சிக்கிக்கொண்டது. பிய்த்தாலும் வராது. பூதலிங்கம் அதற்குச் 'சனியன்' என்று பேர் வைத்திருந்தார்.

"சரி, நாளைக்கு நாம ரெண்டு பேரும் போவோம்" என்றார் குழலம்மா. "நீங்க முன்னால. சுனைக்குக் கூட்டிட்டுப் போயி, இருட்டுறதுக்குள்ள திரும்ப மடத்துல கொண்டு விட்டுருங்க. நாளன்னைக்கு இருபத்திமூணு பேரு வாறாங்க. அவங்களுக்கும் நீங்கதான் முன்னால."

"வழி தப்பிப் போச்சுன்னா?"

"அப்ப இந்தாங்க, கத்தி. நாளன்னைக்கு இருபத்திமூணு பேருக்கு நறுக்கணும்லா."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பூதலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி, டைரியைத் திறந்தார். போன வருஷம் நடந்தபோதே ஸ்டாப் ஸ்டாப்பாக எழுதி வைத்திருந்தார்.

'ஸ்டாப் 1: புங்க மரம், வெள்ளைப் பூ. நேரே. ஸ்டாப் 2: ஓடை. செருப்பைக் கழற்றவும். ஸ்டாப் 3: கொன்றை, மஞ்சள். இடது.'

இப்படிப் பதினொன்று. ஓடைகளைத் தவிர மற்றதெல்லாம் பூ.

புங்க மரத்தில் பூ இல்லை. இந்த வருஷம் கோடை மழை முந்திக்கொண்டதால் எல்லாம் பூத்து உதிர்ந்து, மரத்தடியில் பொரி கொட்டியது போலக் கிடந்தது. பூதலிங்கம் அதை மிதித்துக்கொண்டு நேரே போனார்.

ஓடை வந்தது. அவருக்கு ஓடை என்றால் எரிச்சல். செருப்பைக் கழற்ற வேண்டும், தாண்ட வேண்டும், காலைத் துடைக்க வேண்டும், மாட்ட வேண்டும். அத்தனையும் செய்துவிட்டுத் திரும்பினால், குழலம்மா நடுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மீன் கடிக்குது! கூசுது!"

"டைம் ஆகுதும்மா."

கொன்றை வந்தது. மஞ்சள் சரம் சரமாகத் தொங்கியது. "ஸ்டாப் மூணு" என்று சொல்லி இடதுபக்கம் திரும்பினார்.

பின்னால் வந்த காலடிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது.

பாதை போன வருஷத்தைவிட ஒடுங்கித் தெரிந்தது. ஒரு வருஷத்தில் செடி வளர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார். நாலாவது ஸ்டாப் வெட்பாலை, வெள்ளைப் பூ, வலது. அரை மணி நேரம் நடந்த பிறகு வெள்ளையாக ஒரு புதர் தெரிந்தது. வாசனை வேறாக இருந்தது. வெள்ளை என்றால் வெள்ளைதானே என்று வலதுபக்கம் திரும்பினார்.

ஐந்தாவது ஸ்டாப்புக்கு மரக்கிளையில் ஒட்டிப் பூக்கிற ஊதாப் பூ வேண்டும். தரையில் ஊதாப் பூ இருந்தது. "கீழ விழுந்திருக்கும்" என்றார் பூதலிங்கம், யாரும் கேட்காமலே.

குழலம்மா அந்தப் பூவை மிதிக்காமல் சுற்றி வந்தார்.

இன்னொரு கொன்றை வந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. மேட்டில் ஏறிப் பார்த்தால் சரிவு முழுக்கக் கொன்றை. மூன்றாவது ஸ்டாப் பதினேழு இடத்தில் நின்றது.

பூதலிங்கம் டைரியைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். டைரியைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

உச்சி வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. காலடியில் காய்ந்த யானை லத்தி கிடந்தது. இருபத்திமூணு பேர் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தார். கேட்டால் முன்னால் இடம் போய்விடும். கேட்காவிட்டால் மடம் போய்ச் சேர முடியாது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"அம்மா."

"என்ன அண்ணாச்சி?"

"வழி தெரியலம்மா."

"கேக்குதீங்களா?"

"கேக்குதேன்."

"எனக்கும் தெரியாது."

பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடலை. முதல் கொன்றையில கேட்டிருந்தா தெரியும். வெள்ளைப் புதர்கிட்ட கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன். இது நான் வந்த இடமே இல்ல."

சொல்லும்போது குழலம்மா அவரைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துக் கொன்றைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பதினாறு வருஷமா ஒரே தடத்துல போயிட்டு வாறேன். இப்படி ஒரு சரிவு இருக்குன்னு தெரியாமப் போச்சே!"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" பூதலிங்கத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "கனைச்சிருந்தாக்கூடப் போதுமே!"

"அண்ணாச்சி, உங்க பஸ்ல கடைசி சீட்டுல ஒரு ஆளு உக்காந்துக்கிட்டு, 'இடதுல ஒடி, வலதுல ஒடி'ன்னு சொல்லிக்கிட்டே வந்தா என்ன செய்வீங்க?"

"இறக்கி விட்டுருவேன்."

"நான் நடுக்காட்டுல இறங்கி எங்க போவேன்?"

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பசிக்குது" என்றார் குழலம்மா. "வழி தெரியலைன்னா சோறு கசக்கவா போகுது? அங்கன தண்ணி சத்தம் கேக்குது. வாங்க."

சரிவின் அடியில் ஒரு சிற்றோடை ஓடிக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். புளிச்சோறும் வெண்டைக்காய்ப் பொரியலும். பூதலிங்கத்துக்கு முதல் வாய் இறங்கவில்லை. மூன்றாவது வாயில் பசி ஜெயித்துவிட்டது.

தின்று முடித்துக் கை கழுவக் குனிந்தார். விரல்களுக்கு நடுவே சிவப்பாக எதுவோ வந்து மாட்டியது. பழக்க தோஷத்தில் அள்ளிக் கரையில் எறிந்தார். இன்னொன்று வந்தது. அதையும் அள்ளி எறிந்தார். மூன்றாவதை அள்ளியவர், எறியாமல் கையில் வைத்துப் பார்த்தார்.

நூல்நூலாக இருந்தது.

அண்ணாந்து பார்த்தார். ஓடைக்கு மேலே ஒரு மரம் சாய்ந்து நின்றது. கிளைகளிலிருந்து சிவப்புச் சரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தொங்கின. காற்று அடிக்காமலே ஒன்றிரண்டு பூ உதிர்ந்தது.

"அம்மா! இது நம்ம சனியன்லா!"

"அதுக்குச் செங்கடம்புன்னு நல்ல பேரு இருக்கு."

"எட்டு மாசமா இந்தத் தண்ணியிலதான் அள்ளிக்கிட்டு இருந்தேனா!"

கையிலிருந்த பூவைத் தண்ணீரில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, பாறையை ஒதுக்கி, கீழ்நோக்கிப் போனது.

பூதலிங்கம் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் இறங்கினார்.

குழலம்மா இலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

பூ போன இடத்துக்குப் பூதலிங்கம் போனார். ஓடை தாவி விழுந்த இடங்களில் கரையேறிச் சுற்றி வந்து, கீழே அதே சிவப்பு தெரிகிறதா என்று பார்த்து இறங்கினார். பூ பாறை இடுக்கில் சிக்கினால் எடுத்து விட்டார். சுழலில் நின்றால் அவரும் நின்றார். நிற்கும்போது சும்மா நிற்க முடியுமா? சுற்றிலும் பார்த்தார். ஈரப் பாறையில் கடுகளவு வெள்ளைப் பூக்கள் இருந்தன. நடை வருஷத்துக்கு ஒன்றுதான் என்பது அப்போது அவருக்கு அநியாயமாகப் பட்டது.

"அம்மா, இந்த மரத்தோட இலைதான் ஐப்பசி மழையில கூடை கூடையா வந்தது. அதுக்குள்ள ஒருநாள் தவளை இருந்துச்சு!"

"ஓஹோ."

"இந்த மஞ்சப் பூ மாசியில வந்தது. வாசனையா இருக்கும். ரெண்டை எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லலை."

"ஓஹோ!"

இந்த இரண்டாவது ஓஹோவோடு குழலம்மா பாசியில் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். பூதலிங்கம் ஓடி வந்து கை கொடுத்தார். தூக்கும்போது அவரும் விழுந்தார். சட்டைப் பையிலிருந்த டைரி தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு மரங்கொத்தி வேலையை நிறுத்தியது.

ஓடையில் இன்னொரு ஓடை வந்து கலந்தது. பிறகு இன்னொன்று. காலையில் எரிச்சலோடு தாண்டிய ஓடையும் ஒரு பக்கமாக வந்து சேர்ந்துகொண்டது. பூதலிங்கம் அதைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்தது போலத் தலையாட்டினார்.

மணி நாலரை இருக்கும். மரங்கள் விலகின. மடத்து ஓடு தெரிந்தது.

காலையில் யாரும் அள்ளாததால் கம்பி வலை முழுக்க அடைத்துக் கிடந்தது. கத்தரிப் பாத்தியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பூதலிங்கம் தோள் பையைக்கூட இறக்கவில்லை. குனிந்து அள்ள ஆரம்பித்துவிட்டார். சிவப்பு நூல்களைப் பிய்க்காமல், ஒவ்வொன்றாக விரலால் விடுவித்தார்.

நிமிராமலே பேசினார்.

"சுனைக்குக் கூட்டிட்டுப் போகலையேம்மா நான்."

"இல்ல."

"நாளைக்கு வெண்டைக்காயை நானே நறுக்கிருதேன்."

"வேண்டாம். வந்து முன்னால நில்லுங்க."

பூதலிங்கத்தின் கை நின்றது. கண் கலங்கியது. அதை மறைக்க வாய்க்கால் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார்.

"வழி தெரியாதவனையாம்மா முன்னால நிக்கச் சொல்லுதீங்க?"

"சுனைக்குப் போற வழி எனக்குத் தெரியும். கேட்டா சொல்லுதேன்."

"முதல் கொன்றையிலயே கேட்டுருவேன்."

"கேளுங்க." குழலம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே அடுக்களைப் பக்கம் நடந்தார். "ஆறு மணிக்குக் கிளம்பணும் அண்ணாச்சி."

"ஆறு முடியாதும்மா. ஆறரை ஆகும்."

"ஏன்?"

பூதலிங்கம் கூடையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

"பூ அள்ளணும்லா."