கல் தேய்த்த வெள்ளச்சி அம்மை

ஒரு கல்லில் ஒரு சாமி படத்தை எழுத அறுபத்தெட்டு மணி நேரம் ஆகும். அச்சடித்து முடித்தபின் அதைத் தேய்த்து அழிக்க இரண்டு மணி நேரம் போதும். அந்த இரண்டு மணி நேரந்தான் வெள்ளச்சி அம்மையாரின் தொண்டு.

திருவேம்பில் என்ற ஊரில், கீழைக் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, காதர் மீரா ராவுத்தர் ஒரு கல்லச்சுக்கூடம் நடத்திவந்தார். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வீட்டுச் சுவரில் மாட்டும் சாமி படங்களெல்லாம் அப்போது கல்லில் எழுதித்தான் அச்சாயின. வழவழவென்ற மஞ்சள் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால், இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படத்தை எழுதுவார்கள். கல்லை நனைத்து மையுருளையை ஓட்டினால் எழுதின இடம் மட்டும் மையைப் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் நேராக வந்துவிடும். இரண்டாயிரம் தாள் அடித்தபின் அதே கல் அடுத்த படத்துக்கு வேண்டும். கப்பலில் வரும் கல். படத்துக்கு ஒன்றாக வாங்கக் கட்டுப்படி ஆகாது. மணலும் தண்ணீரும் தெளித்து, மேலே ஒரு சின்னக் கல்லை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால்தான் பழைய படம் போகும்.

அந்த வேலையைப் பத்தொன்பது வருஷமாகச் செய்துவந்தார் அம்மையார். வாந்திபேதியில் புருஷனையும் பிள்ளையையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்துவிட்டு, கட்டின சேலையோடு வேற்றூரிலிருந்து வந்தவர். நின்றபடியே செய்கிற வேலை. ஒரு கால் மரத்துப்போனால் மறுகாலில் நிற்பார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை, மணல் தின்றுவிட்டது.

தேய்க்கத் தொடங்குமுன் கல்லில் இருக்கும் சாமிக்கு ஒரு பூ வைப்பார். "போயிட்டு வாங்க" என்பார். தேய்த்துக் கழுவியதும், கல் காய்வதற்குள், அதே சாமியை விரலால் தண்ணீரில் எழுதுவார். கல் அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை உருவம் இருக்கும். எண்ணினால் நூறு மூச்சு. அவ்வளவுதான் அவருடைய பூசை.

மிஷின்காரர்கள் சும்மா இருப்பார்களா? இன்றைக்கு எந்தச் சாமியைக் கொல்லப் போகிறாய் என்று தினமும் கேட்பார்கள். அம்மையார் தலை நிமிராமல் பதில் சொல்வார்.

"கொல்றதா? ரெண்டாயிரம் தாளுல ஏறி எறங்கியிருக்காரு, பாவம். செத்த உக்காரட்டும்."

கல்லில் இருப்பதைப் பார்த்தே எழுதியதால் அவருடைய முருகனுக்கு வேல் இடக்கையில் இருக்கும். 'நொட்டாங்கை முருகன்' என்று அதற்கும் பெயர் வைத்துச் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்துவிட்டு மறுநாளும் அப்படியே எழுதினார்.

அந்த வருஷம் தை மாதம் சென்னையிலிருந்து ஓவியர் தாமோதரம் அங்கே வேலைக்கு வந்தார். பெரிய கைதான். சித்திரப் பள்ளியில் சுண்ணாம்புச் சிலைகளைப் பார்த்து நிழலும் வெளிச்சமும் பழகியவர். தஞ்சாவூர்ப் படங்களின் பொன், வடக்கத்திப் படங்களின் சேலை மடிப்பு, சீமைப் படங்களின் மேகம் மூன்றையும் கலந்து தமக்கென்று ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டவர். முதலில் வண்ணத்தில் தாளில் தீட்டுவார். பிறகு அதைத் தாமே கல்லில் மாற்றி எழுதுவார். கீழே வலது மூலையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் படம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல். தாம் எழுதிய லட்சுமியின் கல் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, அம்மையார் வேலை செய்யும் பின்கட்டுக்குப் போனார். கல்லில் தண்ணீரால் எழுதிய லட்சுமி காய்ந்துகொண்டிருந்தாள். பத்துக் கோடுகூட இராது. பாதம் முதலிலும் முகம் கடைசியிலுமாக மறைந்தது.

தாமோதரத்தின் லட்சுமி தாமரையில் உட்கார்ந்திருந்தாள். இவள் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தவள் போல் இருந்தாள்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டார். குரல் அவருக்கே கடுமையாகப் பட்டது.

"யாரு சொல்லிக்குடுப்பா, ஐயா? எத்தனையோ பேரு எழுதிட்டுப் போயிருக்காங்க. அழிக்கையில கை அவுங்க போன வழியே போகுது. அதுதான்."

பத்தொன்பது வருஷத்து ஓவியர்கள் அத்தனை பேரும் அந்தக் கையின் கீழ் போயிருக்கிறார்கள். தம்முடைய லட்சுமியும் போய்விட்டாள். அன்றிரவு தாமோதரத்துக்குச் சோறு இறங்கவில்லை. உடன் படித்தவன்மேல் பொறாமைப்பட்டால் அதிலாவது ஒரு கௌரவம் உண்டு. கல் தேய்க்கிறவள்மேல் வயிறு எரிந்தால் அதை எங்கே போய்ச் சொல்வது?

அதன்பின் அவர் தினமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பார்க்கவும் முடியவில்லை, பாராதிருக்கவும் முடியவில்லை. அவளை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி ராவுத்தரிடம் கேட்டார். வாத்தியாருக்குக் கல்லில் குறையா, தேய்ப்பில் குறையா என்று ராவுத்தர் கேட்டார். இரண்டிலும் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. "அப்ப எதுல குறைன்னு தெரிஞ்சதும் வாங்க வாத்தியாரே" என்று ராவுத்தர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

கும்பாபிஷேகம் வந்தது. திருவேம்பிலில், மதுரையைப் போலவே, ஆடலரசர் கால் மாற்றி ஆடியவர். எந்நேரமும் ஒரே காலில் நிற்கிறாரே, வலிக்காதா என்று ஒரு பக்தன் அழுதானாம். அவனுக்காக இறைவர் ஊன்றிய வலக்காலைத் தூக்கி, தூக்கிய இடக்காலை ஊன்றினாராம். அந்தத் திருக்கோலத்தை அச்சடித்து ஊர்தோறும் கொடுக்கக் கோயிலார் எண்ணினார்கள். தீட்டுகிறவருக்குச் சன்னதியில் பரிவட்டம் கட்டுவதென்றும் பேச்சானது.

தாமோதரம் ஒரு குறுக்கு வழி கண்டார். அச்சுக்கூடத்தாருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. தில்லைக் கூத்தரை வரைந்த பழைய டிரேசிங் தாள் அவரிடம் இருந்தது. அதைப் புரட்டிப் போட்டார். இடக்கால் வலக்கால் ஆயிற்று. அதன்மேல் வண்ணம் தீட்டி, கோயிலில் சாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யும் சபாபதி குருக்களிடம் காட்டினார்.

குருக்கள் வெகுநேரம் பார்த்தார். "ஓய், இது தில்லைச் சாமிக்குக் கண்ணாடி காட்டினாப்ல இருக்கு. நம்ம சாமி காலை மாத்தினவர். கால் மாறினா உடம்பு நிக்கற விதமே மாறிப்போயிடுமே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது பின்கட்டில் ஒரு பழைய நடராசர் கல் தேய்ந்துகொண்டிருந்தது. கல்லில் எல்லாம் மாறித் தெரிவதால் அம்மையார் அறிந்த கூத்தர் என்றுமே வலக்கால் தூக்கியவர்தான். அம்மையார் கழுவின கல்லில் விரலை வைத்தார். தாமோதரத்தால் தாங்க முடியவில்லை. ஈரம் நின்றால் கல் கெட்டுப்போகும், இனிமேல் கழுவியவுடன் துணியால் ஒற்றிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ஆகட்டும், ஐயா" என்றார் அம்மையார். துணியை எடுத்து ஒற்றினார். முகத்தில் வருத்தமே இல்லை. அதுவும் தாமோதரத்துக்கு எரிந்தது.

மறுநாள் அம்மையார் பூசையின் வேளையை மாற்றிக்கொண்டார். கழுவுவதற்கு முன்னாலேயே, மணலும் கல்மாவும் குழைந்து கிடந்த சாம்பல் நிறச் சேற்றில் விரலால் எழுதினார். தண்ணீர்க் கோடு போல அது மறையவில்லை. அம்மையார் கஞ்சி குடிக்கப் போயிருந்த நேரத்தில் தாமோதரம் வந்து பார்த்தார். கல் நிறைய ஆடலரசர் நின்றார். தாம் பிறப்பித்த உத்தரவே அவரை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

அவர் கண் தூக்கிய காலுக்குப் போயிற்று. எல்லோரும் அந்தக் காலை ஆட்டத்தில் எழுதுவார்கள். விறைப்பாக, விரல்கள் நிமிர்ந்து. இந்தக் கால் ஆடவில்லை. நெடுநேரம் நின்ற ஒருவர் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிவிட்டு, அப்பாடா என்று தளரவிட்ட கால். விரல்கள் சற்றே தொங்கின. உடம்பு முழுவதும் அந்தச் சுகத்தில் சாய்ந்திருந்தது.

தாமோதரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாளை எடுத்தார். கோடு பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டார். வண்ணம் அவருடையது. நிழலும் மேகமும் அவருடையவை. வலது மூலையில் பெயரும் அவருடையது.

ஆனால் ஒரு கேள்வி அவரை அரித்தது. அவள் இதை எப்படிக் கண்டாள்? தாமும் அந்தச் சன்னதியில் பதினொரு நாள் நின்றாயிற்று. மாலையும் பட்டும்தான் தெரிந்தன. அவளுக்கு மட்டும் சாமி எப்போது காலைக் காட்டினார்? எந்தத் தூணோரம் நின்று பார்க்கிறாள் என்று அறிய, காலைச் சந்தி, உச்சிக்காலம், சாயரட்சை என ஒவ்வொரு வேளையும் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் தேடினார். ஒரு வேளையிலும் அவளைக் காணவில்லை. தாம் இல்லாத நேரம் பார்த்து வருகிறாள், சாமியும் அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தனியாகத் தரிசனம் தருகிறார் என்று நினைத்துக்கொண்டார். சாமியின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

கல்லில் எழுதி முடித்து முதல் தாள் எடுத்த அன்று சபாபதி குருக்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா அந்தத் திருவடியத் தேச்சுக் குளிப்பாட்டறேன். தூக்கின கால்ல விறைப்பே கிடையாது. அலுத்து இளைப்பாறற கால். வெளியில நிக்கறவாளுக்கு அது தெரியவே தெரியாது, பட்டு மூடியிருக்கும். என் கைக்கும் சாமிக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்னு இருந்தேன். அவரே யாருக்கோ சொல்லிட்டார்."

மிஷின் நின்றது. ராவுத்தர் எழுந்து நின்றார். குருக்கள் தாமோதரத்தின் பக்கம் திரும்பி, நாளைக் காலை பரிவட்டம் என்றார். பிறகு, ஆசை தாங்காதவராய், சன்னதியில் எந்த இடத்தில் நின்று அதைக் கண்டீர் என்று கேட்டார்.

அத்தனை நாளாகத் தாமோதரத்தைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அதுதான். பரிவட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வடக்குத் தூண் என்றோ தெற்குத் தூண் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தப் பதில், அந்த வேளையில், அவருக்குப் பரிவட்டத்தைவிடப் பெரிதாகத் தோன்றியது. நல்ல மனத்தால் உண்மை சொன்னார் என்று சொல்வதற்கில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொன்னார்.

"எழுதினது நானில்ல. நான் பார்த்து எழுதிக்கிட்டேன். பின்கட்டுல கல் தேய்க்கிறாங்களே, அவுங்களக் கேளுங்க. எங்கே நின்னு பார்த்தாங்கன்னு எனக்கும் தெரியணும்."

அம்மையாரைக் கூப்பிட்டார்கள். கை நிறையச் சேற்றோடு வந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். படத்தைக் காட்டினார்கள். அச்சில் ஏறிய தம் சாமியை அவர் அன்றுதான் பார்த்தார். கும்பிடக் கையை உயர்த்தியவர், சேறு படுமோ என்று தாழ்த்திக்கொண்டார். கல்லில் இறைவரை அழித்து அழித்தே நெஞ்சில் எழுதிக்கொண்ட அந்த அம்மையைவிட அவரை அறிந்தவர் அவ்வூரில் ஒருவரும் இல்லை.

குருக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா, நீ எந்தப் பக்கமா நின்னு தரிசனம் பண்ணினே? வெள்ளிக் கதவுக்கு இந்தண்டையா, அந்தண்டையா?"

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். தாமோதரம் ஓரடி முன்னால் வந்தார்.

அம்மையார் குருக்களை ஒருமுறை பார்த்தார். பதில் சொன்ன குரலில் கோபமோ குறையோ இல்லை.

"நான் சாமியப் பார்த்ததே இல்லிங்களே. எங்க சனத்த நீங்க உள்ள விடுறதில்லையே, சாமி."