நாலாவது பங்கின் சாட்சி

இது ஒரு குப்பை வழக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்களுக்கு விடை பிடிபடாது. கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கடலோர நகராட்சி ஒன்று வீட்டுக் குப்பையை உலையில் எரித்து மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது. எரித்தால் வானத்துக்கு எவ்வளவு கரிவாயு போகும் என்று கணக்கிடும் பொறுப்பு பொறியாளர் நிலோஃபரிடம் வந்தது. வாழையிலையும் சோறும் காகிதமும் பருத்தியும் எரிந்தால், செடி காற்றிலிருந்து எடுத்ததுதான் காற்றுக்குத் திரும்புகிறது. பூமிக்கடியில் கிடந்த எண்ணெயில் பிறந்த பிளாஸ்டிக்கும் பாலியஸ்டரும் எரிந்தால்தான் வானத்துக்குப் புதுச் சுமை. ஆகவே நூறு கிலோ குப்பையில் இந்த எண்ணெய் வம்சம் எத்தனை கிலோ என்பதுதான் கேள்வி.

படிப்பு நிலோஃபரிடம் இருந்தது. தொட்டதுமே இன்னதென்று சொல்லும் கை, தரம்பிரிக்கும் கொட்டகையின் தினக்கூலிகள் மூவரிடம் இருந்தது. பியூலா, காளியப்பன், அஞ்சலை. சரியான எண்ணைத் தருபவரே கொட்டகையின் நிரந்தர மேற்பார்வையாளர் என்று நிலோஃபர் அறிவித்தாள். குப்பையை நன்றாகக் கலந்து, நூறு நூறு கிலோவாக நான்கு பங்கு போட்டாள். மூன்று பங்கு மூவருக்கு. நாலாவதை டிரம்மில் அடைத்துப் பூட்டி நிழலில் வைத்தாள்.

"பிரிச்ச பிறகும் கூட்டினா நூறு வரணும். பாட்டில் கீட்டில் பழைய சாமான் கடைக்குப் போச்சுன்னா, பதவியும் இல்ல, வேலையும் இல்ல" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சித்திரை மாதம். பியூலா பத்து மணிக்கே முடித்துவிட்டாள். முடிச்சுப் போட்ட பாலித்தீன் பைகளை வந்தபடியே எண்ணெய்க் குவியலில் எறிந்தாள். துணிகளையும் அங்கேயே தள்ளினாள். "இந்தக் காலத்துல எந்தத் துணி மேடம் பருத்தி?" எண்ணெய் வம்சம் இருபத்து நான்கு கிலோ. மொத்தம் நூறு, ஒரு கிராம் பிசகவில்லை.

காளியப்பன் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தான். ஊசிப்போன சாம்பாரை உணவுக் குவியலில் கொட்டி, பையை உதறிப் போட்டான். பால் பாக்கெட்டின் வெட்டிய மூலைகூட அவன் கண்ணுக்குத் தப்பவில்லை. துணியை மட்டும் "துணி துணிதான்" என்று காகிதத்தோடு சேர்த்தான். நண்பகலில் எண்ணெய் வம்சம் பத்து கிலோ. மொத்தம் அவனுக்கும் நூறு.

அஞ்சலையோ பைகளை அவிழ்த்ததோடு நிற்கவில்லை. தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் வெயிலில் பரப்பிப் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டினாள். சாம்பலானது செடிப் பக்கம். உருகிக் குன்றிமணியாய் இறுகியது எண்ணெய்ப் பக்கம். ஒரு பழைய சேலையின் உடல் பருத்தி, கரை பாலியஸ்டர். கரையை மட்டும் பிளேடால் அறுத்து அந்தப் பக்கம் போட்டாள். நிலோஃபர் சாப்பாட்டையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அஞ்சலையின் எண்ணெய் வம்சம் பதிமூன்று கிலோ. மொத்தத்தைக் கூட்டினால் எண்பத்து மூன்று!

"பதினேழு கிலோ எங்க அஞ்சலை?" என்றான் காளியப்பன். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பொட்டு குறையலையே."

நிலோஃபர் மறுபடி கூட்டினாள். அதே எண்பத்து மூன்று. அஞ்சலை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை என்பதை அவளே பார்த்தாள். ஆனால் விதி போட்டதும் அவள்தானே? பதவி இருக்கட்டும், இவ்வளவு நேர்த்தியான கைக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்ப வேண்டியதாகிவிடுமோ?

அஞ்சலை கோபப்படவில்லை. "என்னைக் கேக்காதீங்கம்மா, நாலாவது பங்கைக் கேளுங்க. நாளைக்குக் காலைல பிரிக்காம இதே தார்ப்பாயில கொட்டி, புரட்டி மட்டும் விடுங்க. நீங்களே காவல் இருங்க. நாலு மணிக்கு எடை போடுங்க" என்றாள்.

இப்போது சொல்லுங்கள். பதினேழு கிலோ எங்கே போனது? மூவரில் யாருடைய எண் சரி?

விடை: மறுநாள் நிலோஃபர் குடை பிடித்துக் காவல் இருந்தாள். ஒரு ஈர்க்குச்சிகூட வெளியே போகவில்லை. நாலு மணிக்குத் தராசு எண்பத்து நான்கு காட்டியது. குறைந்தது வெயில் குடித்த ஈரம். தண்ணீரில் கரி கிடையாது. உலையிலும் அது ஆவியாகத்தான் போகும். பியூலா சாம்பாரையும் பருத்தியையும் பிளாஸ்டிக்காக நிறுத்தாள். காளியப்பன் பாலியஸ்டரைப் பருத்தியாக எண்ணினான். பதிமூன்றே சரி. தப்பு நிலோஃபரின் விதியில்தான் இருந்தது. "மன்னிச்சிடுங்கக்கா" என்று அஞ்சலையிடம் சொல்லி அந்த விதியை அடித்து, எடைத் தாளில் 'ஈரம்' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தாள். அடுத்த நாள் காலை காளியப்பன் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டியோடு வந்து, மேற்பார்வையாளர் அஞ்சலைக்கு எதிரே உட்கார்ந்து முதல் நூலை உருவினான்.