இருவாச்சி கட்டிய சுவர்

புஸ்... புஸ்... புஸ்... மரங்களுக்கு மேலே யாரோ பெரிய துருத்தியை ஊதுவதுபோல் சத்தம் கேட்டது.

மரப்பொந்துக்குள் இருந்த வெள்விழி தலையைத் தூக்கியது. "உன் அப்பா வர்றாரு!" என்று குஞ்சிடம் சொன்னது.

வெள்விழி ஓர் இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைச் சுவர்போல் அடைத்துவிடும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கையில் அதன் சிறகெல்லாம் உதிர்ந்துபோகும். ஆண் பறவைதான் காடெல்லாம் சுற்றிப் பழம் கொண்டுவந்து, அந்தக் கீறல் வழியே ஊட்டும்.

வெள்விழியின் வீட்டுக்காரன் செங்கண்ணன் வந்து கிளையில் அமர்ந்தது. அன்றைக்கு அதன் முகமே சரியில்லை.

"என்னங்க, கீழே யாரோ இருமுறாங்களே?"

"கடமான்தான். காலையில கரடி இருமுச்சு. முயல் வளை பூராவும் இருமல். தொத்து நோயாம்!"

"எதனால வந்துச்சாம்?"

"வௌவாலாலன்னு கரடி சொல்லுது. தண்ணியாலன்னு வௌவால் சொல்லுது. வேப்பங்கொழுந்து தின்னா வராதுன்னு மயில் சொல்லுது. தின்னவங்களும் இருமிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு ஒண்ணுமே புரியல, வெள்விழி!"

"அப்போ யார் பக்கத்துலயும் போகாதீங்க!"

"போகாம எப்படிப் பழம் பறிக்கிறது? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு அத்தி மரம்தான் பழுத்திருக்கு. காடே அங்கதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுச் செங்கண்ணன் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் ஒரே கும்பல். புலி ராஜாவின் மந்திரி நரி வந்திருந்தது. தண்டோரா போடும் கருமந்தியும் கூடவே வந்திருந்தது. நரி அண்ணாந்து பார்த்தது.

"ஏ மந்தி! இந்தப் பொந்துல ஒரு தடவையாவது இருமல் கேட்டியா?"

"இல்லையே, மந்திரியாரே!"

"ஏன் கேட்கல? சுவரு! சுவரு வச்சுக்கிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கு பாரு! ஏம்மா இருவாச்சி, உள்ளே சௌகரியமா?"

வெள்விழி கீறல் வழியே எட்டிப் பார்த்தது. இந்தக் காட்டில் அதை எல்லாரும் 'பெருமூக்கி' என்று கேலியாகத்தான் கூப்பிடுவார்கள். மந்திரி வந்து நலம் விசாரிப்பது இதுதான் முதல் தடவை.

"ரொம்பச் சௌகரியம், மந்திரியாரே! வெயில் இல்ல, மழை இல்ல, ஒரு குறையும் இல்ல!" என்றது.

அவ்வளவுதான். மந்தி மரத்துக்கு மரம் தாவிக் கத்தியது. "எல்லாரும் இருவாச்சியைப் பாருங்க! அது மாதிரி அவங்கவங்க வாசலை மண் வச்சு அடைச்சுக்கணும்! யாரும் வெளியே தலை காட்டக் கூடாது! ராஜா உத்தரவு!"

உத்தரவு கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. இருமல் சத்தம் கொஞ்சம் அடங்கத்தான் செய்தது. மேல்பொந்தில் இருந்த அணில், "ஆகா! இப்படி ஓய்வு கிடைச்சு எவ்வளவு காலமாச்சு!" என்றது. அதனிடம் ஒரு பருவத்துக்குப் போதுமான கொட்டை இருந்தது.

ஆனால் செங்கண்ணன் அன்று திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. குஞ்சு அலகைத் திறந்து திறந்து மூடியது. நோய்க்குப் பயப்படுவதா, பசிக்குப் பயப்படுவதா என்று வெள்விழிக்குத் தெரியவில்லை.

அப்போது காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு புதரோரமாகப் போனது.

"அண்ணே! உத்தரவு தெரியாதா? எங்கே கிளம்பிட்டீங்க?"

"அடைச்சுக்கிட்டுத்தான் கிடந்தோம், தாயி. அன்னன்னைக்கு மண்ணைக் கிளறினாத்தான் எங்களுக்குக் கிழங்கு. அதான் பொறந்த மலைக்கே நடக்கிறோம். அங்கேயாவது விடுவாங்களோ என்னவோ!"

"என் வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?"

பன்றி தயங்கியது. "ஆத்தங்கரையில ராஜாவோட காவல் வல்லூறுங்க மடக்கி வச்சிருக்கு. வெளியே வந்தவங்க எல்லாரையும் ஒரே புதருக்குள்ள நெருக்கி அடைச்சிருக்காங்க. 'வீட்டுல இருக்கத் தெரியல? உன் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்துக்கோடா!'ன்னு அவரைத்தான் ரொம்பத் திட்டுதுங்க."

வெள்விழிக்கு உடம்பே கூசிப்போனது. அந்தப் பக்கம் தாவி வந்த மந்தியைக் கூப்பிட்டது.

"மந்தியண்ணே! என் வீட்டுக்காரரை விடச் சொல்லுங்க!"

"நல்லா இருக்கே! உன்னைக் காட்டித்தான் சட்டமே போட்டோம். நீயே இப்படிக் கேட்டா?"

"அவரு கொண்டு வந்தாத்தான் எங்களுக்குச் சாப்பாடு!"

"ஒரு குறையும் இல்லன்னு சொன்னியே! இதை ஏன் சொல்லல?"

வெள்விழி மெல்லச் சொன்னது: "சௌகரியமான்னு கேட்டீங்க. யாரு சாப்பாடு போடுறான்னு கேக்கல. எனக்கும் பெருமையில அதைச் சொல்ல வாய் வரல. ரெண்டு பேரும்தான் தப்புப் பண்ணிட்டோம்."

உள்ளே குஞ்சின் முனகல்கூட நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் வெள்விழி யோசிக்கவில்லை. டொக்! டொக்! டொக்! தான் கட்டிய சுவரைத் தானே கொத்தி உடைத்தது.

"ஐயோ! சுவரு போச்சு!" என்று மந்தி அலறியது. அலறலைக் கேட்டு நரி ஓடிவந்தது. உடைந்த வாசலில் எலும்பும் தோலுமாய் ஒரு பறவை எட்டிப் பார்த்தது.

"உன் சிறகு எங்கேம்மா?" என்றது நரி.

"சிறகு இருந்தா நான் ஏன் இன்னொருத்தரை நம்பி உட்கார்ந்திருக்கப் போறேன்?"

நரி காதைச் சொறிந்தது. "திறந்துவிட்டா இருமல் வருது. அடைச்சு வச்சா பசி வருது. என்னதான் பண்றது?"

"மந்தியண்ணன் எப்படியும் மரத்துக்கு மரம் தாவுறாரு. வாசலுக்கு வாசல் பழத்தை வச்சுட்டு, யாரையும் தொடாமப் போகட்டும். புதருக்குள்ள அடைச்சவங்களையும் தனித்தனியா விடுங்க."

"நான் சுமை தூக்குறதா?" என்று மந்தி முறைத்தது.

"உத்தரவைச் சுமந்தீங்கல்ல? பழத்தையும் சுமங்க!"

நரி தலையாட்டியது. இந்த யோசனை சரிதானா என்று அதற்கும் நிச்சயமில்லை.

வெயில் சாய்வதற்குள் செங்கண்ணன் வந்துவிட்டது. வாசலுக்கு வரவில்லை, எதிர்மரத்துக் கிளையிலேயே உட்கார்ந்தது. லொக்... லொக்... என்று இருமியது. வல்லூறுகள் அடைத்த புதரில் ஒட்டிக்கொண்ட இருமல்.

"கிட்ட வந்துடாதீங்க!" என்றது வெள்விழி.

"வரமாட்டேன். குஞ்சு?"

"மூச்சு இருக்கு."

மந்தி முணுமுணுத்துக்கொண்டே ஏறிவந்து, கை நிறைய அத்திப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு இறங்கியது. வெள்விழி ஒன்றை நசுக்கிக் குஞ்சின் வாயில் வைத்தது. கொஞ்சம் பொறுத்து, குஞ்சு விழுங்கியது.

செங்கண்ணன் பிழைக்குமா, இந்த நோய் எப்போது போகும் என்று காட்டில் யாருக்கும் தெரியவில்லை. வெள்விழி எதிர்மரத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு பொந்துக்குள் உதிர்ந்த மண்ணை அலகால் எச்சத்தோடு குழைத்து, உடைந்த சுவரை விளிம்பிலிருந்து பூச ஆரம்பித்தது.

ஒருவரைக் கதவை அடைத்துக்கொண்டு இருக்கச் சொல்லும் முன், அந்தக் கதவுக்கு உள்ளே சாப்பாடு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.