எமன் திசையில் வெந்நீர்

மார்கழிக் குளிர் எலும்பு வரை வந்து விசாரிக்கும் குன்னூரில் பரமேஸ்வரன் என்றொரு ஓய்வுபெற்ற தாசில்தார் இருந்தார். வெயிலில் வெந்நீர் போடும் சோலார் கருவியை மொட்டை மாடியில் வைக்கச் சொல்லியிருந்தார். பொருத்த வந்தவள் பொன்னுருவி. தகட்டை அவள் தெற்கு பார்த்துச் சாய்த்ததும் கத்தினார்.

"அது எமன் திசைம்மா! வடக்கே திருப்பு. தண்ணியும் கொதிக்கணும். இல்லேன்னா உன் கம்பெனியில சொல்லி வேலையைப் பறிச்சிடுவேன்."

பொன்னுருவி ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"சரிங்கய்யா. வடக்கு பார்த்து உட்கார்ந்தா நெஞ்சில வெயில் படுதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. பட்டா உடனே திருப்பிடறேன்."

"இதென்ன பிரமாதம்!"

நாற்காலியை வடக்கு பார்க்கப் போட்டு அமர்ந்தார். முதுகு காய்ந்தது, நெஞ்சு நடுங்கியது. அரைமணி நேரம் பல்லைக் கடித்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாற்காலியை மெல்லத் தெற்கே திருப்பிக்கொண்டார்.

காப்பியோடு வந்த மனைவி திகைத்தாள்.

"ஏங்க, எமனைப் பார்த்து உட்கார்ந்திருக்கீங்க?"

"சும்மா இரு. இங்கேதான் இதமா இருக்கு."

"அப்ப தகடும் இப்படியே இருக்கட்டுங்களா ஐயா?" என்றாள் பொன்னுருவி.

"போல்ட்டை இறுக்கும்மா" என்றார் தாசில்தார், கண்ணைத் திறக்காமலே.