மலைக்கோடு

"மூணு தரம் போயாச்சு அம்மா. கிடைக்கல்ல."

கிறாசியான் உட்காரவும் இல்லை.

காற்று எழுந்த அன்று, கடலுக்கடியில் பாறையில் சிக்கிய வலையை அறுத்துவிட்டு உயிர் தப்பி வந்தவன் அவன். நாளைக்கு மறுபடியும் காற்று எழுந்துவிடும். வலை பாறையிலேயே நார்நாராகப் போகும். அண்ணன் வீட்டுக்கும் அவன் வீட்டுக்குமாக இருந்தது அந்த ஒரு வலைதான்.

கடல்முனையில் தனியாக வாழ்ந்த ரெஜினாள் அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனசு ஒரு நிலையில் நிற்காமல் யோசனை கேட்டு வரும் கடல்காரர்களுக்கு அவள்தான் அம்மா.

"அடையாளம் வைக்காமலா வந்தீரு, அண்ணே?"

மடியிலிருந்து, ஊடே பார்த்தால் மறுபுறம் தெரியும் ஒரு பிளாஸ்டிக் உறையை உருவினான். புதுச் சட்டை வந்த உறை. வலையை விட்ட இடத்தில் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தீக்குச்சியால் எஞ்சின் கரியைத் தொட்டு, தெரிந்த கரையை அப்படியே வரைந்திருந்தான். மாதா கோயில் கோபுரம், பனைக்கூட்டம், குட்டி மலைகள், நடுவில், எல்லாவற்றுக்கும் பின்னால் வெகுதூரத்தில் பெரிய மொட்டைமலை.

"போற இடமெல்லாம் மொட்டைமலை பொருந்துது. வலைதான் இல்ல."

"வள்ளத்தை இறக்கும். நானும் வாறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "பொம்பள ஏறினா மீன் ஓடிரும்னு..."

"நீரு தேடுறது மீனையா?"

கடலில் உறையைத் தூக்கி, எதிரே தெரிந்த மலைமேல் வரைந்த மலையை வைத்தான்.

"பாருங்க, பொருந்துது."

"பனை?"

"அது கொஞ்சம் தள்ளி நிக்குது. கொஞ்சம்தானே!"

ரெஜினாள் கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். கோட்டிலிருந்த மொட்டைமலையைத் துடைத்து எடுத்தாள்.

"ஐயோ! இருந்த பெரிய அடையாளத்தையும் அழிச்சிட்டீங்களே!"

"இப்பம் பாரும்."

உறையை இடமும் வலமும் நகர்த்தினான். கோபுரம் சேர்ந்தால் பனை விலகியது. பனை சேர்ந்தால் கோபுரம் நழுவியது. வாய்க்குள் திட்டிக்கொண்டே தெற்கே துடுப்பு போட்டான்.

"எத்தனை சேருது?"

"ரெண்டு."

இன்னும் தெற்கே.

"எத்தனை?"

"மூணு... இல்ல, ஒண்ணு. தாண்டிட்டேன் போல."

"திரும்பும்."

திரும்பினான். உறையைத் தூக்கினான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி தூக்கினான்.

"எத்தனை, அண்ணே?"

"வரைஞ்ச கோடே தெரியல்ல அம்மா! எல்லாம் அழிஞ்சிட்டுது. வெறும் கரைதான் தெரியுது."

"அழியல்ல அண்ணே, கரையோட சேந்திட்டுது. நங்கூரத்தைப் போடும்" என்றாள் ரெஜினாள்.